பொங்கலூர் மாமனின் பின்சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் லைன் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றால், செக்கிங் அண்ணன் குளித்து, விபூதி பூசி, வேலைக்கு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். சீட்டும் ஹேண்டில்பாரும் மண்ணில் படாமல் அடியில் ஒரு சாக்கு விரித்திருப்பார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், சக்கரத்துக் கம்பிகளை முறுக்குகிற சின்னச் சாவி, கொஞ்சம் நூல். அந்த நூல்தான் இதில் விசேஷம்.

சக்கரம் நேராகச் சுற்றாமல் இப்படியும் அப்படியும் ஆடினால் அதற்குக் கோட்டம் என்று பெயர். கடைக்காரர்கள் கோட்டம் எடுக்கும்போது ஒரு சாக்பீஸைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுவார்கள். எங்கே வெளியே வந்து ஆடுகிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழும். அண்ணனுக்கு இது ஆகாது.

"சாக்பீஸுக் கோடே நெல்லுத் தண்டி இருக்குதுங்க. அதை வெச்சு என்னத்தைக் கண்டுபுடிக்கிறது?"

பனியன் துணி ஓட்டுகிற சன்ன நூலை எடுத்து, ரிம்முக்கு ரெண்டு பக்கமும் மயிரிழை தள்ளி விறைப்பாக இழுத்துக் கட்டுவார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். எந்தப் பக்கத்து நூல் துடிக்கிறதோ அந்தப் பக்கம் கோட்டம். எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முறுக்குவார். மறுபடி சுழற்றுவார். இப்போது இன்னொரு இடத்தில் துடிக்கும். அங்கே கால் சுற்று. வெயில் ஏறி, பக்கத்து வீட்டுக் கறிக்குழம்பு கொதித்து இறக்கி, எல்லாரும் தின்று படுத்து எழுந்திருக்கிற வரைக்கும் இதேதான். சாயங்காலம் பார்த்தால் காலையில் இருந்ததைவிட ஒரு கோட்டம் கூடுதலாக இருக்கும். அவர் முகத்தில் சலிப்பு இருக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை கிடைத்துவிட்டதே!

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை அவருடைய ஆத்தாவும் ரேஷன் கார்டும் மட்டும்தான் பயன்படுத்தினார்கள். மற்றவர்களுக்கு அவர் செக்கிங் அண்ணன். நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் விரித்துப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் ஓடிப்போயிருக்கிறதா என்று பிரிக்கிற வேலை அவருடையது. சரியாக இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் செகண்ட்ஸ்.

நான் அப்போது கை மடித்துத் தைக்கிற மிஷினில் இருந்தேன். படிப்பு மூணாங்கிளாஸ். அதிலும் மூணாவது வருஷம் பாதியில் வாத்தியாரும் நானும் மனசு ஒத்துப் பிரிந்துவிட்டோம். இன்றைக்கு என் கம்பெனியில் எம்.ஏ. படித்தவன் எனக்குக் கடிதம் எழுதித் தருகிறான், அதில் நான் திருத்தம் சொல்கிறேன். அதை விடுங்கள். சொல்ல வந்தது என்னவென்றால், எங்கள் கம்பெனி இருந்த ராயபுரம் வட்டாரத்திலேயே என் கைத் தையலுக்கு எதிர்த் தையல் கிடையாது. முதலாளியே வெளியூர் வியாபாரிகளிடம் என் பீஸைத்தான் எடுத்துக் காட்டுவார். அப்படிப்பட்ட என் பனியனைத் திருப்பி அனுப்பிய ஒரே மனிதர் செக்கிங் அண்ணன்தான். ஒரு நாள் இல்லை, தினமும்.

"ஏனுங் தம்பி, எடது கையில ஒரு தையல் தாண்டிப் போயிருக்குதுங்களே."

"எவனாச்சும் கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டா அண்ணா திரியப் போறான்?"

"கண்ணுல பட்டுப்போச்சுங்களே தம்பி. பட்ட பொறகு எப்படி உடறது?"

என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். சைக்கிளிடம்கூட, "சித்த நேரம் ஆடாம நில்லுங்க" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். மரியாதையில் குறை வைக்காமலே ஒரு மனிதன் இத்தனை பேர் உயிரை வாங்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

டூரிங் டாக்கீஸுக்குப் போனால், திரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இடைவேளையில் போய்ச் சொல்லிவிட்டு வருவார். ஆபரேட்டர் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னால், "கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான்" என்பார். மெஸ்ஸில் இட்லி ஒன்று சின்னதாக இருந்தால் தின்பார், ஆனால் தின்பதற்கு முன்னால் நாலையும் வரிசையாக வைத்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் தின்பார்.

இந்தக் கண்ணோடு ஒருவர் பெண் பார்க்கப் போனால் என்ன ஆகும்?

அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அப்பா இல்லை, ஆத்தா மட்டும். அந்த அம்மாள் ஊர் ஊராகச் சொல்லிவைத்து ஆறு இடம் பார்த்தாயிற்று. ஒரு பெண் சேலைக் கொசுவத்தை ஒரு பக்கம் தூக்கிக் கட்டியிருந்ததாம். இன்னொரு பெண் கொண்டுவந்த காப்பித் தம்ளர்களில் ஒன்றில் மட்டும் அரை வெரக்கடை குறைவாம். சோமனூரில் ஒரு நல்ல இடம், தறிக்காரக் குடும்பம். அங்கே பெண்ணில் ஒரு குறையும் அகப்படவில்லை. வெளியே வந்து, "செவுத்துல காலண்டர் கோணலாத் தொங்குதுங்காத்தா. அந்த ஊட்ல ஒருத்தருக்குமே அது தெரியலியே" என்று சொல்லிவிட்டார். ஆத்தா பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"எனக்கு ஒரு பேரன் பேத்தி வேண்டாமா சாமி? உனக்குப் பிரம்மனே நேர்ல வந்து பொண்ணு செஞ்சு குடுத்தாலும் திருப்பி அனுப்பிப்போடுவியே!"

ஏழாவது இடம் பொங்கலூர். தோட்டங்காட்டுக் குடும்பம். பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். ஆத்தா என்னையும் கூட வரச்சொன்னாள். பேசத் தெரிந்த ஆள் ஒருத்தன் வேண்டுமல்லவா.

நான், ஆத்தா, அண்ணன் மூவரும் போய் உட்கார்ந்தோம். ஆத்தா உட்கார்ந்தது ஒரு கயிற்றுக் கட்டில். பெண் காப்பித் தட்டோடு வருகிற நேரம் பார்த்துக் கட்டில் கயிறு ஒன்று 'பட்'டென்று விட, ஆத்தா குழிக்குள் இறங்கியதுபோல உள்ளே போய்விட்டாள். கால் ரெண்டும் மேலே. அந்தப் பெண் அடக்க முடியாமல் சிரித்துவிட்டது. சிரித்தபோது பார்த்தேன், முன்பல் ரெண்டில் ஒன்று மற்றதன்மேல் நன்றாக ஏறி உட்கார்ந்திருந்தது. போச்சு என்று நினைத்தேன். கட்டிலுக்குள் இருந்தபடியே ஆத்தாவும் என்னைப் பார்த்தாள். அவளும் பல்லைப் பார்த்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்கிறோம். ஆத்தா பயந்து பயந்துதான் கேட்டாள்.

"என்ன சாமி சொல்றே?"

"முடிச்சர்லாங்காத்தா."

ஆத்தாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நல்லாப் பாத்தியா கண்ணு? பல்லு..." என்று ஆரம்பித்தவளை நான் முழங்கையால் ஒரு இடி இடித்தேன். பஸ் வந்து, ஆத்தா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்த பிறகு நானே மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணா, அந்தப் புள்ளையோட முன்பல்லு பாத்தீங்களா?"

"பல்லுங்களா?" என்று யோசித்தார். "சிரிச்சுதுங்க. சிரிக்கறப்ப எவனாச்சும் பல்லைப் பாப்பானுங்களா தம்பி?"

என் பனியனில் ஒரு தையல் தாண்டியதைத் தூரத்தில் இருந்து கண்டுபிடிக்கிற மனிதர்! நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாமன் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு வாசலில் சைக்கிளைக் கவிழ்க்கக் கூடாது என்று ஆத்தா காலையிலேயே தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தன் சைக்கிளைத் தொடமாட்டேன் என்று அவரும் சத்தியம் செய்தார். அதை அவர் மீறவே இல்லை.

மாமன் சைக்கிளில் வந்தார். அப்படியொரு சைக்கிளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஆள் ரெண்டு மூட்டைக் கனம் இருப்பார். கேரியரில் தேங்காய், வாழைக்காய் என்று இன்னொரு மூட்டை. சந்துக்குள் திரும்பும்போதே பின்சக்கரம் 'சரக், சரக்' என்று மட்கார்டில் உரசிக்கொண்டு வந்தது. நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பல் வலிக்காரன் மாதிரி ஆகிவிட்டது.

"வாங்கண்ணா, வாங்க" என்று ஆத்தா உள்ளே கூட்டிப்போனாள். நான் மாமனைப் பேச்சில் பிடித்துவைத்தேன். கம்பெனி எப்படி நடக்கிறது, ரயிலில் எந்தெந்த ஊருக்குப் பனியன் போகிறது, அதில் என் தையலுக்கு என்ன மதிப்பு என்று எல்லாம் சொன்னேன். மனுஷன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு தட்டு உப்புமா முடித்துக் கை கழுவ வெளியே வந்தால், அவருடைய சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. மாப்பிள்ளை புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையெல்லாம் கரியாக, நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆத்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனால் மாமன் கோபப்படவில்லை. குனிந்து பார்த்தார்.

"அட, மாப்ளைக்கு இந்த வேலையெல்லாம் தெரியுமாக்கும்?"

"கண்ணுல பட்டுப்போச்சுங் மாமா. அதான்."

அன்றைக்கு என்ன அதிசயமோ, அண்ணன் கை வைத்த சக்கரம் முதல்முறையாக நேராக நின்றது. சுழற்றிவிட்டார். நூல் அசையவில்லை. மாமன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரசித்தார். "கையில வேலை வெச்சிருக்கற மாப்ள கெடைக்கோணுமே" என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டு, சத்தமே இல்லாத சைக்கிளில் ஏறிப் போனார். ஆத்தா அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பாதி வழியில், வெயில் உச்சியில், 'டங்' என்று ஒரு கம்பி அறுந்ததாம். அப்புறம் இன்னொன்று. மூணாவது அறுந்தபோது சக்கரம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து, பிரேக் போட்டதுபோல நின்றுவிட்டதாம். மாமன் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆறேழு மைல் நடந்திருக்கிறார். எதிரில் வந்தவனெல்லாம் "என்னாச்சுங்" என்று கேட்க, "மாப்ள கோட்டம் எடுத்துக் குடுத்தாரு" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறார். இதையெல்லாம் அந்தப் பக்கத்துப் பருத்தி வியாபாரி ஒருவர் மறுநாளே வந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில், "இனி இந்தச் சம்பந்தப் பேச்சு வேண்டாம்னு சொல்லச் சொன்னாருங்" என்று சேர்த்துக்கொண்டார்.

எங்கே தப்பு என்று நான் போய் மூலை சைக்கிள் கடைக்காரரைக் கேட்டேன். நடந்ததைச் சொன்னதும் அவர் சிரித்தார். "ஒரு பக்கம் முறுக்கினா மறுபக்கம் தளத்தி உடோணும். உங்க அண்ணன் இத்தனை வருசமா முறுக்கியே வெச்சிருக்காரு. அவரு சைக்கிள் கம்பியைத் தட்டிப் பாரு, வீணை மாதிரிச் சத்தம் வரும். ஆளு ஒல்லி, தாங்குது. மாமன் தாங்குவாரா?"

வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் திகைத்துப்போனார்.

"தளத்தறதுங்களா? தளத்துனா அது செகண்ட்ஸ் இல்லீங்களா தம்பி?"

அவர் உலகத்தில் நூல் தளர்ந்தால் குறை. துணி தொய்ந்தால் குறை. நேராக்குவதற்கு எதையாவது தளர்த்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அதற்கு அடுத்த ஞாயிறு வாசலில் சைக்கிள் கவிழவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. லைனில் இருந்தவர்கள் முதலில் கேலி பேசினார்கள், அப்புறம் பேசவில்லை. கம்பெனியில் செக்கிங் மேஜையிலிருந்து என் பனியன் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து, வேண்டுமென்றே ஒரு பீஸில் கையை உள்வெளியாகத் தைத்து அனுப்பினேன். பாஸ். இன்னொன்றில் கட்டை விரல் போகிற அளவுக்கு ஓட்டை. அதுவும் பாஸ். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இந்த மனிதர் இப்படியே ரெண்டு வாரம் போனால் வேலையும் போகும், அந்தப் பெண் இல்லாவிட்டால் இனி வேறு பெண்ணும் பார்க்கமாட்டார்.

இந்தக் கல்யாணத்தை நடத்தியது யார் என்று ராயபுரத்தில் ரெண்டு மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். நம்பாதீர்கள். லீவு போட்டுவிட்டுப் பொங்கலூருக்குப் போனது நான். மாமன் முகத்துக்கு நேரே நின்று பேசியதும் நான்.

மாமன் தோட்டத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். கால் பாதத்தில் இன்னும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"சக்கரத்தை ஒடச்சவன் நாளைக்கி எம்புள்ளைய என்ன பண்ணுவானோ!" என்றார் எடுத்த எடுப்பில்.

"மாமா, அவரு அந்தச் சைக்கிளைத் தொட்டது உங்க மேல இருக்கற அக்கறைலதானுங்க."

"அக்கறைல ஆறு மைலு நடக்க வெச்சாரு. இன்னம் கொஞ்சம் அக்கறைன்னா பாடைல வந்திருப்பன்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பெண் நிற்கிறது என்று தெரிந்தது. அங்கிருந்தே கேட்டது.

"மாமா, அவுங்க பாத்த எடத்துல எல்லாம் ஒரு குத்தம் சொன்னாங்களாமே. எங்கிட்ட என்ன குத்தம் கண்டாங்கன்னு கேளுங்க."

நான் நேராகவே சொன்னேன். "அம்மிணி, ஆறு எடத்துல ஆறு குத்தம் சொன்ன மனுசன். உங்கிட்ட ஒண்ணும் சொல்லல. சத்தியமா ஒண்ணும் சொல்லல."

மாமன் என்னை முறைத்தார். "அப்ப அவனுக்குக் கண்ணு தெரியாதா? இவ பல்லு ஏறிருக்கறது ஊருக்கே தெரியுது!"

"நான் கேட்டனுங்க மாமா. சிரிக்கறப்ப எவன் பல்லைப் பாப்பான்னு எங்கிட்டவே திருப்பிக் கேட்டாருங்க."

வளையல் சத்தம் நின்றுவிட்டது. மாமன் கதவுப் பக்கம் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், அப்புறம் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

"வெள்ளிக்கெழமை வரச்சொல்லு. நேர்ல பார்த்துச் சொல்றன்."

வெள்ளிக்கிழமை போனோம். காப்பி வந்தது, குடித்தோம். மாமன் எழுந்து போய்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அண்ணனுக்கு எதிரிலேயே ஸ்டாண்டு போட்டார். பல்லடத்துக் கடையில் கொடுத்துப் புதுக் கம்பி போட்டதாம். பெடலைக் கையால் ஒரு அழுத்து அழுத்திச் சுழற்றிவிட்டார். அது சோதனையா, அல்லது மனுஷன் சும்மா தன் சைக்கிளின் குறையைக் காட்டினாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பின்சக்கரம் ஆடியது. சாதாரண ஆட்டம் இல்லை, மாரியம்மன் நோம்பியில் சாமி வந்தவன் மாதிரி ஆடியது.

"எப்படிங் மாப்ள இருக்குது?"

ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் வாய் லேசாகத் திறந்தது. கழுத்தில் வேர்வை இறங்கியது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். சக்கரம் நிற்கிற வரைக்கும் அதையே பார்த்தார். பார்க்காமல் இருக்க முடிந்தால்தானே.

"நல்லாத்தானுங் மாமா இருக்குது."

"ஆடற மாதிரித் தெரியலியா?"

அண்ணன் தொடைக்கு அடியில் இருந்த கையை இன்னும் அழுத்திக்கொண்டார்.

"இல்லீங் மாமா. நேராத்தானுங் சுத்துது."

கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. மாமனும் பொறுக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். ஆத்தா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மகன் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றாள். மாமன் வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்து, "தையில வெச்சுக்கலாமுங்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. ஆனால் எதையோ யோசித்துக்கொண்டே வந்தார். ஆத்தா முன்னால் தூங்கிவிட்டாள் என்று நிச்சயம் செய்துகொண்டு என் காதுக்குக் குனிந்தார்.

"ஏனுங் தம்பி, கல்யாணம் முடிஞ்சு பொண்ணூட்டுக்கு விருந்துக்குப் போனா எத்தனை நாள் தங்கோணுமுங்க?"

"மூணு நாளுங்கண்ணா."

மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். விரல் ரெண்டும் காற்றில் கால் சுற்று, கால் சுற்றாகத் திரும்பின.

"பத்துமுங்க" என்றார். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.